மிளகின் மணம் வீசும் நார்ப்பயிர்

மிளகையும் கிராம்பையும் இடிக்கும்பொழுது எழும் கார மணம் நம் அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. அம்மணத்திற்குக் காரணமான பொருள்களுள் ஒன்று காரியோபில்லீன். இது டெர்ப்பீன் எனப்படும் வாசனைப் பொருள்களின் இனத்தைச் சேர்ந்தது. இதே பொருள் கஞ்சாச் செடியிலும் உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இச்செடி சணலினின்றும் சணப்பையினின்றும் வேறானது. போதை மிகக் குறைந்த அதன் ரகங்களை ஐரோப்பிய விவசாயிகள் நாருக்காக நெடுங்காலமாகப் பயிரிட்டு வருகின்றனர்; அந்நாரால் துணியும் கயிறும் செய்யப்படுகின்றன.

நார் தண்டில் உள்ளது. மணமோ பெண் செடியின் பூங்கொத்தை மூடிய நுண்ணிய சுரப்பி மயிர்களில் உள்ளது. 1990களில் ஸ்விட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் பூங்கொத்துகளை நீராவியால் வடித்து எண்ணெய் எடுத்தனர். ரகத்திற்கு ரகம் மணம் மாறுபட்டது. மகரந்தம் சேர்ந்த வயலில் ஹெக்டேருக்குச் சுமார் 8 லிட்டரும், சேராத வயலில் சுமார் 18 லிட்டரும் எண்ணெய் கிடைத்தன.

கார மணம் மிகுந்த ரகத்தை உருவாக்குவது எளிதன்று. தாய்ச் செடியின் பூவைக் கசக்கி முகர்ந்தும், ஆய்வுக்கூடத்தில் எண்ணெயைச் சோதித்தும் தேர்ந்தெடுக்கலாம். ஆண் செடியிலோ இச்சுரப்பிகள் மிகக் குறைவு. ஆகவே அதன் குணத்தை அதற்குப் பிறக்கும் பெண் செடிகளைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிட இயலும். விதையிலிருந்து எழும் செடிகள் ஒன்றுபோல் இரா. தாயின் மணம் மாறாதிருக்கக் கிளைத் துண்டுகளை நட்டுப் பெருக்குகின்றனர்.

இங்குதான் சிக்கல் எழுகின்றது. இச்செடியின் மகரந்தத்தைக் காற்று பல கிலோமீட்டர் தொலைவு சுமந்து செல்லும். விதை வேண்டுவோனுக்கு ஆண் செடி இன்றியமையாதது. எண்ணெய் வேண்டுவோனுக்கு அதுவே நஷ்டம். ஒருவன் வயலில் நின்ற ஆண் செடிகள் அயலான் எண்ணெயைப் பாதியாகக் குறைத்துவிடலாம். பல்லாண்டு உழைத்துத் தேர்ந்த விதையின் தூய்மையையும் கெடுக்கலாம். வரப்பும் வேலியும் காற்றைத் தடுக்கமாட்டா. எந்த வயலில் எந்த ரகம், எவ்வளவு இடைவெளி என்று விதைப்புக்கு முன்பே அண்டை அயலார் கூடித் தீர்மானிப்பதே வழி.

நம் நாட்டில் உரிமமின்றி இச்செடியைப் பயிரிடுவது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். எனவே இதைப் பயிரிடுமாறு நாம் கூறவில்லை. ஆயினும் கம்பு, மக்காச்சோளம் ஆகியவற்றில் விதைப்பயிர் எடுக்கும் அங்கத்தினர்களுக்கும் அயல் மகரந்தத்தால் இதே இடர் உண்டு. அடுத்த விதைப்புக்கு முன் கூடும் சங்கக் கூட்டத்தில் வயல் இடைவெளி குறித்து அவர்கள் பேசி முடிவு செய்தல் நலம்.