அடகுச் சீட்டும் காப்பீட்டு அட்டையும்

1985 செப்டம்பரில் தனி மாவட்டம் ஆகும்வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்து ஊர். காய்ச்சல், பேதி, பிரசவம் எல்லாம் உள்ளூரிலேயே முடிந்துவிடும். அதற்கு மேல் என்றால் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் மதுரை பெரியாஸ்பத்திரி. அங்கே வைத்தியத்துக்குக் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் போய்வர, கூட இருப்பவர் சாப்பிட, வெளிக்கடையில் மருந்து வாங்க என்று எல்லாவற்றுக்கும் காசு வேண்டியிருந்தது. அதனால் பஸ் ஏறுவதற்கு முன் அடகுக்கடைக்குப் போவார்கள். முதலில் தோடு, பிறகு மூக்குத்தி, கடைசியாகத் தாலிக்கொடி. காடு உள்ளவர்கள் அதை ஒத்திக்கு வைத்தார்கள். ஆடுமாடு உள்ளவர்கள் அய்யலூர்ச் சந்தைக்கு ஓட்டிப்போனார்கள். இதய வால்வு, சிறுநீரகம் என்று வந்துவிட்டால், பேகம்பூர்த் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவருக்கோ சின்னாளபட்டித் தறிக்காரருக்கோ அது வைத்தியம் பார்க்கக்கூடிய நோயாகவே தெரியவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து திண்ணையில் படுக்கவைத்தார்கள். கடன் ஏறாமல் உயிர் போயிற்று.

இந்த இடத்தில்தான் காலம் உண்மையாகவே மாறியது. 2009 ஜூலை 23இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் ரூபாய் வரை அறுவை சிகிச்சைக்குக் கொடுத்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்துக்கு வந்தது. அதே ஒரு லட்சம் ஆண்டுதோறும் என்றானது. 2018 செப்டம்பர் 23இல் நடுவண் அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தொடங்க, தமிழ்நாடு அதைத் தன் திட்டத்தோடு இணைத்துக்கொண்டது. காப்புத் தொகை ஆண்டுக்கு 5 லட்சம் ஆயிற்று. 2022 ஜனவரி 12இல் திறந்துவைக்கப்பட்ட பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. மதுரைக்கு அனுப்பிய பல கேஸ்களை இப்போது இங்கேயே பார்க்கிறார்கள்.

நெஞ்சுவலியோடு வந்த கூலிக்காரருக்கு ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புவது இன்று யாரையும் வியக்கவைப்பதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய அப்பாவுக்கு அதே வலி வந்தபோது வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணி கொடுத்திருப்பார்கள்.

காப்பீட்டுத் திட்ட மருத்துவமனை எதற்குள் நுழைந்தாலும் அதற்கென்று ஒரு மேசை இருக்கும். ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் அதன் முன் காத்திருப்பார்கள். “அப்ரூவல் வந்துருச்சாண்ணே?” என்பதுதான் அங்கே திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி. கல்யாணமான மகன் ரேஷன் கார்டைத் தனியாகப் பிரித்துக்கொண்டு போயிருப்பான். தாயின் பெயர் எந்தக் கார்டில் நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியவரும். “அம்மா, இதுல உங்க பேரு இல்லியே” என்று சொல்லும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் சங்கடம்தான். அன்று பொன் உள்ளவருக்கு வைத்தியம் கிடைத்தது. இன்று பெயர் சரியாக உள்ளவருக்குக் கிடைக்கிறது. இது பெரிய முன்னேற்றம் என்றே நினைக்கிறேன்; பெயரையாவது திருத்திக்கொள்ளலாம்.

சின்ன வியாதியின் கதைதான் வேறு. அந்தக் காலத்து டாக்டரின் கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலிருந்தே காலி பாட்டில் கொண்டுபோவோம். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து சிவப்பு மிக்ஸரை ஊற்றி, காகிதத்தை நீளமாக மடித்து ஓரங்களைக் கத்தரித்து, பாட்டிலின் பக்கவாட்டில் பசை தடவி ஒட்டுவார். ஒரு வெட்டுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அளவு தப்பாது. பீஸ் இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ; இல்லாவிட்டால் சம்பளத்தன்று. குடும்பத்தில் யாருக்கு இழுப்பு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அந்தக் கிளினிக்குகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. காப்பீட்டு அட்டை பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் செல்லும். வெளிநோயாளியாகப் பார்க்கிற காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் தனியாரிடம் போனால் டாக்டர் பீஸ், ரத்தப் பரிசோதனை, மாத்திரை மூன்றும் கைக்காசு. அரசு மருத்துவமனையில் இலவசம்; ஆனால் காலை வரிசையில் நின்றால் அன்றையக் கூலி போயிற்று. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு வெளிநோயாளி வைத்தியமும் உண்டு. வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குகிறவருக்கோ பூப்பறிக்கப் போகிறவருக்கோ அது இல்லை. பெரிய நோய்க்குச் சொத்து அழிந்து, சின்ன நோய் சில்லறையில் தீர்ந்தது அன்று. இன்று பெரிய நோயை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. சின்ன நோய் மாதாமாதம் அரிக்கிறது.

இதற்கும் முயற்சி நடக்காமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மாதச் செலவில் ஒரு பெரும் பங்கை அது சத்தமில்லாமல் குறைத்திருக்கிறது. 2023இல் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் மாலையிலும் டாக்டர் பார்க்கிறார். கூலி போகாமல் வைத்தியம் பார்க்க அந்த மாலை நேரம் போதும். ஆனால் குஜிலியம்பாறைக்கு உள்ளே இருக்கும் சிற்றூர்க்காரர் அதற்காக டவுனுக்கு பஸ் ஏற முடியாது.

நாட்டளவில் பார்த்தாலும் இதே படம்தான். 2013-14இல் மொத்த மருத்துவச் செலவில் 64 விழுக்காட்டுக்கு மேல் மக்கள் தம் கைக்காசிலிருந்து கொடுத்தார்கள். 2021-22இல் அது 39.4 விழுக்காடு. பெரிய இறக்கம். மீதமிருப்பதும் சிறிய தொகை இல்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது வருமான வரம்பு. 72,000 ரூபாயாக இருந்ததை 2022இல் 1,20,000 ஆக்கினார்கள். மாதத்துக்குப் பத்தாயிரம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கணவன் மனைவி இருவரும் ஆளுக்கு 400 ரூபாய் கூலிக்கு மாதம் இருபது நாள் வேலை பார்த்தால் 16,000 ஆகிவிடும். கணக்குப்படி அவர்கள் ஏழைகள் இல்லை. சான்றிதழில் வருமானத்தைக் குறைத்து எழுதினால்தான் அவர்கள் அட்டைக்குள் வர முடியும். அப்படிக் கேட்கக் கூச்சப்படுகிற நேர்மையானவர்கள் வெளியே நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குச் சாலை விபத்தில் கால் உடைந்தால், 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கும். அதில் வருமான வரம்பு கிடையாது. மூன்றாம் நாளிலிருந்து தனியார் மருத்துவமனை பில்லுக்கு அந்தத் திட்டம் கைகொடுக்காது. ஒரு குடும்பத்துக்காக அரசு கட்டும் காப்பீட்டுப் பிரீமியம் 2022 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 849 ரூபாய். அந்த 849 ரூபாயை இந்தக் குடும்பத்துக்கும் கட்டிவிட்டால், திண்டுக்கல் கடைவீதி அடகுக்கடைகளில் ஆஸ்பத்திரிக்காக ஏறும் நகைகள் இன்னும் கொஞ்சம் குறையும்.