செயிண்ட் பெர்னார்டுக்கு மொட்டை அடிச்சா சூடு குறையுமா?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

கோடை வந்தாலே நம்ம இன்பாக்ஸ்ல ஒரே மாதிரி கேள்வி வரும். "எங்க ஹஸ்கிக்கு மொட்டை அடிச்சுடலாமா?" "கோல்டன் ரெட்ரீவர் நாள் முழுக்க பாத்ரூம் தரையிலயே படுத்துக் கிடக்கு, முடியை வெட்டினா சரியாகுமா?" இன்னிக்கு அதைப் பத்திதான் பேசப் போறோம். பதிலைச் சொல்றதுக்கு முன்னாடி, நான் பண்ண ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

என் பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா, ஒரு செயிண்ட் பெர்னார்ட் வளர்க்கறாங்க. பேரு கரடி. 62 கிலோ. ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசம், அக்கா ஆபீஸ் வேலையா பெங்களூரு போக வேண்டியிருந்தது. நாலு நாள் கரடியை என் ஃபிளாட்ல விட்டுட்டுப் போனாங்க. "பகல்ல வெளிய கூட்டிட்டுப் போகாத"ன்னு மட்டும் சொல்லியிருந்தாங்க. நானும் அதைக் கறாரா ஃபாலோ பண்ணேன்.

மூணாவது நாள் சாயங்காலம் ஏழு மணி. வெயில் போயாச்சு, கடல் காத்து வேற. சரின்னு ஒரு நாற்பது நிமிஷம் நடக்கக் கூட்டிட்டுப் போனேன். வீட்டுக்கு வந்ததும் கரண்ட் கட். இன்வெர்ட்டர்ல ஃபேன் மட்டும் ஓடுது. கரடிக்கு மூச்சு வாங்கறது நிக்கவே இல்ல. பத்து நிமிஷம் ஆச்சு, பதினஞ்சு நிமிஷம் ஆச்சு. ஈறு கருஞ்சிவப்பா இருக்கு, எச்சில் பசை மாதிரி வழியுது. எழுந்து நிக்கப் பாத்தான், பின்னங்கால் மடங்கிடுச்சு.

நான் என்ன பண்ணேன்? பெரிய துண்டு ஒண்ணை நனைச்சு அவன் மேல போர்த்தினேன். அப்புறம் டாக்டருக்கு ஃபோன் பண்ணேன். அவங்க சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, அந்தத் துண்டை எடுங்க."

ஏன் எடுக்கச் சொன்னாங்க? அது புரிஞ்சா, இன்னிக்குப் பேசப் போற எல்லாமே புரிஞ்சிடும்.

நாய்க்கு இருக்கறது ஒரே ஒரு வழி

நமக்குச் சூடானா உடம்பு முழுக்க வேர்க்கும். அந்த வேர்வை காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துட்டுப் போகும். நாய்க்கு அந்த வசதி கிடையாது. பாதத்தோட அடிப்பகுதியில மட்டும் கொஞ்சம் வேர்க்கும், அது அந்த உடம்புக்குப் பத்தாது. அதனால நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்குது. வாய், நாக்கு, மூக்குல இருக்கற ஈரம் காத்துல ஆவியாகும்போதுதான் உடம்பு குளிருது.

இப்ப யோசிங்க. மழைக்காலத்துல மாடியில காயப்போட்ட துணி ஏன் காய மாட்டேங்குது? காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சிருக்கு. அதே கதைதான் நாயோட நாக்குக்கும். சென்னை, பாண்டிச்சேரி, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல, கடல் காத்து வீசற சாயங்காலம் நமக்கு இதமா இருக்கும். ஆனா அந்தக் காத்துல ஈரப்பதம் அதிகம். நாய் எவ்வளவு வேகமா இரைச்சாலும் ஈரம் ஆவியாகாது. இரைக்கறதே ஒரு உழைப்பு இல்லையா? அதுல இன்னும் சூடு ஏறும்.

இதுல உடம்பு சைஸும் சேருது. டம்ளர்ல ஊத்தின காபி சீக்கிரம் ஆறிடும், கல்யாண வீட்டு அண்டால இருக்கற சாம்பார் ஆறாது. செயிண்ட் பெர்னார்ட் ஒரு அண்டா. சுவிட்சர்லாந்து-இத்தாலி எல்லையில, ஆல்ப்ஸ் மலையில கிட்டத்தட்ட 2,470 மீட்டர் உயரத்துல இருக்கற ஒரு கணவாய்லதான் இந்த இனத்தை வளர்த்தாங்க. அங்க இருந்த மடத்துத் துறவிகள், பனியில சிக்கின வழிப்போக்கர்களைத் தேட இந்த நாய்களைப் பயன்படுத்தினாங்க. சூட்டை வெளிய விடாம வச்சுக்கறதுதான் அந்த உடம்போட வேலை.

அப்போ மொட்டை?

வேண்டாம். இந்த மாதிரி நாய்களுக்கு முடி ரெண்டு அடுக்கு. மேல நீளமான, கொஞ்சம் முரட்டு முடி. உள்ள பஞ்சு மாதிரி மெத்துனு ஒரு அடுக்கு. மேல் முடி நேரடி வெயில் தோல்ல படாம தடுக்கும். மொட்டை அடிச்சா தோல் வெந்து போகலாம். சில நாய்களுக்கு முடி திரும்பச் சரியா வளராம திட்டுத்திட்டா நிக்கும். முக்கியமா, மொட்டை அடிச்சதால நாய்க்கு வேர்க்க ஆரம்பிக்காது. குளிர்ற வழி அப்பவும் வாய்தான்.

பிரச்சினை உள் அடுக்குலதான். உதிர்ந்த முடி வெளிய வராம உள்ளயே சிக்கி, கம்பளி மாதிரி அடைச்சுக்கும். அதுக்குள்ள காத்து போகாது. அதைச் சீவி எடுக்கணும். உள்முடியை எடுக்கறதுக்குன்னே அகலமான பல்லு வச்ச சீப்பு பெட் ஷாப்ல கிடைக்கும். முடி கொட்டற சீசன்ல தினமும், மத்த நாள்ல வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை. அடிவயித்துலயும் பாத விரல் நடுவிலயும் இருக்கற முடியை மட்டும் கொஞ்சம் ட்ரிம் பண்ணலாம். புண்ணுக்காகவோ ஆபரேஷனுக்காகவோ டாக்டர் ஷேவ் பண்ணச் சொன்னா, அது வேற விஷயம்.

சீவும்போது உண்ணியையும் தேடுங்க. காதுக்குப் பின்னாடி, கழுத்து, விரல் இடுக்கு. அடர்த்தியான முடிக்குள்ள உண்ணி இருக்கறது கண்ணுக்கே தெரியாது, உண்ணிக் காய்ச்சல் உயிருக்கே ஆபத்து. குளிப்பாட்டினா உள்முடி வரைக்கும் காய வைங்க. நம்ம ஊர் புழுக்கத்துல ஈரம் உள்ளயே நின்னா, தோல் ஒரே ராத்திரியில புண்ணாகிடும்.

ஃபேன், கூலர், ஏசி

ஃபேன் காத்து நமக்கு ஏன் சுகமா இருக்கு? நம்ம வேர்வையைக் காய வைக்குது. காஞ்ச முடியோட இருக்கற நாய்க்கு ஃபேன் போட்டா பெரிசா பலன் இல்ல. அதனால அடிவயிறு, தொடை இடுக்கு, பாதம் இதையெல்லாம் தண்ணியால நனைச்சுட்டு ஃபேன் முன்னாடி படுக்க விடுங்க.

ஏர் கூலர் காத்துல ஈரத்தைச் சேர்க்கற மெஷின். மதுரை, திருச்சி மாதிரி வறண்ட வெயில் அடிக்கற ஊர்ல, ஜன்னலைத் திறந்து வச்சா உதவும். கடலோர ஊர்ல நாய்க்கு அது எதிரி. ஏசி சூட்டைக் குறைக்கறதோட காத்துல இருக்கற ஈரத்தையும் இழுத்துடும், அதனாலதான் நாய்க்கு அது அவ்வளவு உதவுது. 25, 26 டிகிரி போதும்.

வாக்கிங்? விடியற்காலையில, அஞ்சு அஞ்சரை மணிக்கு. ராத்திரி போறதா இருந்தா லேட்டா, பக்கத்துல ஒரு சின்ன ரவுண்டு. ரோட்டுல புறங்கையை ஏழு செகண்ட் வைக்க முடியலன்னா அவனும் நடக்கக் கூடாது. சட்டை முதுகுல ஒட்டிக்கற மாதிரி புழுக்கம் இருந்தா, மணி என்னவா இருந்தாலும் வாக்கிங் கேன்சல். எடையையும் கவனிங்க, குண்டான நாய்க்குச் சூடு தாங்கவே தாங்காது.

அந்த அரை மணி நேரம்

நாயோட சாதாரண உடம்புச் சூடு ஏறக்குறைய 101-லேருந்து 102.5 ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினா ஹீட் ஸ்ட்ரோக் பக்கம் போறோம்னு அர்த்தம். நிக்காத இரைப்பு, கருஞ்சிவப்பு ஈறு, தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு, இதுல எது தெரிஞ்சாலும் முதல்ல குளிர வைங்க, அப்புறம் வண்டி பிடிங்க.

உடம்பு முழுக்கத் தண்ணியை ஊத்துங்க. முடியை விரலால பிரிச்சு, தோல் வரைக்கும் போகணும். கூடவே ஃபேன், அது இல்லன்னா அட்டையால விசிறுங்க. ஈரத் துண்டைப் போர்த்தினா என்ன ஆகும்? கொஞ்ச நேரத்துல துண்டே சூடாகி, காத்தையும் அடைச்சு, போர்வையாகிடும். டாக்டர் எடுக்கச் சொன்னது அதனாலதான். இன்னொண்ணு, மே மாசத்துல மொட்டை மாடி டேங்க் தண்ணி ராத்திரி கூட வெந்நீர் மாதிரிதான் வரும். அதனால கோடை முழுக்க பாத்ரூம்ல ரெண்டு பக்கெட் தண்ணி பிடிச்சு வைங்க. அன்னிக்கு எங்களுக்குக் கை கொடுத்தது காலையில பிடிச்சு வச்ச ஒரு பக்கெட்டும், ஒரு கேன் தண்ணியும்தான்.

வாயில தண்ணியைத் திணிக்காதீங்க, தானா குடிச்சா குடிக்கட்டும். பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் இல்ல, அந்த மாத்திரை நாய்க்கு விஷம். சூடு 103-க்கு இறங்கினதும் தண்ணி ஊத்தறதை நிறுத்திடலாம். நாய் எழுந்து நடந்தாலும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயே ஆகணும். சிறுநீரகம், ரத்தம் உறையறது இதுலயெல்லாம் வர்ற பாதிப்பு ரெண்டு மூணு நாள் கழிச்சுக் கூட தெரியலாம்.

அன்னிக்கு லிஃப்ட் ஓடல. வாட்ச்மேன் அண்ணனும், பக்கத்து ஃபிளாட்டுக்கு டெலிவரி கொடுக்க வந்த ஒரு தம்பியும், நானும் பெட்ஷீட்ல கரடியைத் தூக்கிட்டு மூணு மாடி இறங்கினோம். ஆட்டோல போற வழியெல்லாம் அவன் அடிவயித்துல தண்ணி ஊத்திட்டே போனேன். ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏறிச்சு. பொழைச்சுட்டான்.

அக்கா ராத்திரியோட ராத்திரியா பஸ் பிடிச்சு வந்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். "வெயிலைப் பாத்தியே, காத்தைப் பாக்கலையாடா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அப்புறம், "நான்தான் உனக்குச் சொல்லியிருக்கணும்"னு சொன்னாங்க.

வாங்கறதுக்கு முன்னாடி

2024-ல தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கத்துக்குன்னு ஒரு கொள்கை கொண்டு வந்தது. நம்ம தட்பவெப்பத்துக்கு ஒத்து வராத சில இனங்களை வச்சுக் குட்டி போட வைக்கக் கூடாதுன்னு அதுல சொல்லியிருந்தாங்க. செயிண்ட் பெர்னார்ட், சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட், சௌ சௌ எல்லாம் அந்த லிஸ்ட்ல இருந்தது. ஏற்கனவே வீட்ல இருக்கற ஹஸ்கியை என்ன பண்றது? அது நம்ம பொறுப்பு, ஒழுங்கா பாத்துக்கணும். புதுசா வாங்கப் போறீங்கன்னா ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. பத்து கோடைக்கு, நான் வீட்ல இல்லாத நேரத்துலயும், கரண்ட் போன நேரத்துலயும், இதுக்கு ஒரு குளிர்ந்த இடம் என்னால கொடுக்க முடியுமா?

கரடிக்கு இப்ப ஏழு வயசு. அக்கா ஹால் ஏசிக்குன்னே தனியா ஒரு பெரிய இன்வெர்ட்டர் போட்டுட்டாங்க. போன மாசம் போனப்ப, அவன் ஏசிக்கு நேர் கீழ மல்லாந்து, நாலு காலையும் தூக்கிட்டுத் தூங்கிட்டு இருந்தான். "அடுத்து எடுக்கறது தெருவுல இருக்கற நம்ம ஊர் குட்டிதான்"னு அக்கா சொன்னாங்க. அவன் காதுல விழல.

உங்க வீட்டு நாயைக் கோடையில எப்படிப் பாத்துக்கறீங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அதோட, இன்னிக்கே போய் ரெண்டு பக்கெட் பிடிச்சு வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!