உவர்நீர் ஏரிப் படகுக்கு ஏற்ற எஞ்சின்

நாள்தோறும் ஓடும் எஞ்சினைவிட, மாதம் இருமுறை மட்டுமே ஓடும் எஞ்சின் விரைவில் பழுதடைகிறது என்பது கேட்பதற்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் படகு எஞ்சின்களைப் பொறுத்தவரை இது அனுபவத்தில் கண்ட உண்மை. மீன்பிடித் தொழிலாளரின் எஞ்சின் ஓய்வின்றி உழைத்துத் தேய்கிறது. பொழுதுபோக்கிற்காகத் தூண்டில் போடுவோரின் எஞ்சினோ, உழைக்காமலேயே துருவேறிக் கெடுகிறது. ஆகவே, தொழிற்படகுக்கு ஏற்றது எது என்று கேட்டறிந்து அதையே வாங்கிவிட்டால் போதும் என்று எண்ணுவது முற்றிலும் சரியன்று.

திருப்பதி, சித்தூர்ப் பகுதியினருக்கு மிக அருகிலுள்ள பெரிய நீர்ப்பரப்பு பழவேற்காடு ஏரியாகும். 2022 ஏப்ரலில் ஆந்திர மாநிலத்தின் மாவட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது சூலூர்ப்பேட்டையும் தடாவும் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தன. அதனால் ஏரியின் வடபகுதி இப்போது அம்மாவட்டத்தில் உள்ளது. தென்கோடி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்தது. பருவத்திற்கேற்ப விரிந்து சுருங்கும் இந்த ஏரியின் பெரும்பகுதியில் ஆழம் ஒரு மீட்டர் அளவே உண்டு. அடியில் சேறு, ஆங்காங்கே நீர்ப்பாசியும் புல்லும். ஆரணியாறும் காளங்கியாறும் கொணரும் நன்னீர் ஒருபுறம், முகத்துவாரத்தின் வழியே நுழையும் கடல்நீர் மறுபுறம். கோடையில் வடபகுதியின் பல இடங்கள் வறண்டு உப்புப் பூத்துக் கிடக்கும். எஞ்சினுக்கு இதைவிடக் கடுமையான சோதனைக்கூடத்தை அமைப்பது எளிதன்று.

ஏரியின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் பெரும் ஆபத்தில்லை. மூங்கில் கழியால் ஊன்றிக் கரை சேரலாம். முகத்துவாரத்தின் அருகில் நிலைமை வேறு. வற்றம் இறங்கும் நேரத்தில் நீரோட்டம் படகை அலைகள் உடையும் மணல்திட்டை நோக்கி இழுத்துச் செல்லும். கழி அங்கு அடியைத் தொடாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாவுக்கு வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். எஞ்சினே அதற்குக் காரணம் என்று கூறுவதற்கில்லை. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதும் உயிர்காப்புச் சட்டை இல்லாததும் அப்போது சுட்டிக்காட்டப்பட்டன. எனினும், நீரில் பழக்கமில்லாதவர்களை ஏற்றிச் செல்லும் படகில் ஒவ்வோர் உறுப்பின் நம்பகமும் எவ்வளவு முக்கியம் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

சிறு படகுகளுக்குக் கிடைக்கும் எஞ்சின்கள் மூவகை. படகின் பின்பலகையில் மாட்டப்படும் இருவீச்சுப் பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் எஞ்சின் முதலாவது. இதில் சுழல்தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எரிபொருள் எரிவதால், எடைக்குக் கிடைக்கும் சக்தி அதிகம். வால்வுகள் இல்லை; மசகெண்ணெயை எரிபொருளோடு கலந்தே ஊற்ற வேண்டும். எளிய அமைப்பு, மலிவான விலை. ஆனால் உருளையிலிருந்து புகை வெளியேறும் அதே சமயத்தில் புதிய கலவை உள்ளே வருவதால், அதில் ஒரு பகுதி எரியாமலேயே வெளியே போய்விடுகிறது. கார்புரேட்டர் கொண்ட பழைய வகைகளில் இந்த இழப்பு நான்கில் ஒரு பங்கு வரை இருக்கக்கூடும். அந்த எண்ணெய் போய்ச் சேருமிடம், இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் வளரும் ஏரிநீர். நால்வீச்சுப் பெட்ரோல் எஞ்சினில் இக்குறை பெரிதும் நீங்குகிறது, ஓசையும் குறைவு. விலையும் எடையும் கூடுதல். மூன்றாவது டீசல்.

பெட்ரோல் எஞ்சின் பொறியால் எரிகிறது. டீசல் எஞ்சின் அழுத்தத்தால் எரிகிறது. உருளைக்குள் காற்றைப் பதினைந்து முதல் இருபது மடங்குக்குச் சுருக்கும்போது அது பழுக்கக் காய்ந்த இரும்பின் வெப்பத்தை அடைகிறது. அதில் டீசல் எண்ணெயைப் பீச்சியவுடன் தானே பற்றிக்கொள்ளும். பொறிச்செருகி, மின்சுருள், உயர் அழுத்தக் கம்பி ஆகியவை இங்கே தேவையில்லை. உப்புக்காற்றில் முதலில் கெடுபவை அவையே என்பதால், பழுதுக்கான வழிகளில் பாதி அடைபட்டுவிடுகிறது. தீ அபாயத்திலும் வேறுபாடு பெரிது. பெட்ரோல் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றும். காற்றைவிடக் கனமானதாகையால் படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். ஒரு சிறு பொறி போதும். டீசலின் ஆவி ஐம்பது பாகை செண்டிகிரேடுக்கு மேல் சூடாக்கினாலன்றி அவ்வாறு பற்றாது. படகுக்குள்ளே பொருத்தும் எஞ்சின் பெட்ரோல் வகையாக இருத்தல் கூடாது என்று உறுதியாகக் கூறலாம்.

எப்போதாவது ஓடும் படகுக்கு மற்றொரு காரணமும் உண்டு. நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் 2025ஆம் ஆண்டில் இருபது விழுக்காடு எத்தனால் கலக்கப்பட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஏரிக்கரையில் வாரக்கணக்கில் நிற்கும் படகின் தொட்டியில் ஈரம் மிகுந்தால், நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்குகின்றன. எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடிநீரைத்தான்! பலமுறை கயிற்றை இழுத்தும் கிளம்பாத எஞ்சினைத் திட்டுவோர், அதற்கு ஊற்றிய உணவைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

டீசலுக்கும் நோய் உண்டு. தொட்டியில் நீர் சேர்ந்தால் நீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வடிகட்டியை அடைக்கின்றன. எரிபொருள் குழாயில் காற்றுப் புகுந்தால் எஞ்சின் நின்றுவிடும். திருகைத் தளர்த்தி அக்காற்றை வெளியேற்றும் முறையைப் படகோட்டி அறிந்திருக்க வேண்டும். எடையும் அதிர்வும் அதிகம். ஆனால் எரிபொருள் செலவில் நிலைமை தலைகீழ்: ஒரு குதிரைசக்திக்கு ஒரு மணி நேரத்திற்கு டீசல் ஏறத்தாழக் கால் லிட்டர் கொள்ளும்போது, இருவீச்சு எஞ்சினுக்கு அரை லிட்டர் வேண்டியிருக்கிறது.

எஞ்சினைத் தேர்ந்ததும் வேலை முடிந்துவிடாது. அதைக் குளிர்விப்பது எப்படி, சுழலியைச் சேற்றிலிருந்து காப்பது எப்படி என்ற இரு கேள்விகளில்தான் இந்த ஏரியின் தனித்தன்மை வெளிப்படுகிறது. பின்பலகை எஞ்சின் ஏரிநீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அதன் பம்பிலுள்ள ரப்பர்ச் சக்கரத்தைச் சேறு அரைத்துவிடும். பாசி நுழைவாயை அடைத்துவிடும். பக்கவாட்டில் பீச்சும் மெல்லிய நீர்த்தாரை நின்றுவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். காற்றால் குளிரும் ஒற்றை உருளை டீசல் எஞ்சினுக்கு இத்தொல்லை இல்லை. கடற்கரை மீனவர் ‘லாங் டெயில்’ என்று வழங்கும் அமைப்பில், அத்தகைய எஞ்சின் படகின் பின்புறத்தில் ஒரு சுழல் அச்சின்மேல் அமர்ந்திருக்கும். நீண்ட தண்டின் நுனியில் சுழலி. ஆழம் குறைந்தால் கைப்பிடியை அழுத்தித் தண்டை மேலே தூக்கிவிடலாம். தாய்லாந்தில் பரவிய இம்முறை, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் சோழமண்டலக் கரையின் கண்ணாடியிழைப் படகுகளில் பெருவழக்காயிற்று.

இதே சிக்கலுக்கு முன்னரும் ஒரு தீர்வு காணப்பட்டது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உலக உணவு விவசாய நிறுவனம் நடத்திய வங்காள விரிகுடாத் திட்டத்தின் வல்லுநர்கள், மணற்கரையில் ஏற்றக்கூடிய படகுகளை ஆந்திர, ஒரிசா, தமிழ்நாட்டுக் கரைகளில் சோதித்தனர். அப்படகுகளில் சிறு டீசல் எஞ்சினும் தண்டும் ஒன்றாகச் சாயும்படி பொருத்தப்பட்டு, நீர் புகாதிருக்க ரப்பர் உறை இடப்பட்டது. சுழலி படகின் அடிக்குள் ஒதுங்கிக்கொள்ளும். முகத்துவாரம் கடக்க விரும்புவோர் இவ்வகையை நாடுவதே முறை.

எத்தனை குதிரைசக்தி வேண்டும்? விற்பனையாளர் கூறுவதைவிடக் குறைவாகவே போதும். நீரைப் பிளந்து செல்லும் ஆறு மீட்டர் படகின் இயல்பான வேகம் மணிக்குப் பதினொரு கிலோமீட்டர் அளவு. அதற்கு மேல் சக்தியை இரட்டித்தாலும், படகு தானே எழுப்பும் அலைமீது ஏறுவதில் பெரும்பகுதி வீணாகும். ஆட்களோடு ஒரு டன் எடையுள்ள படகுக்கு ஐந்து குதிரைசக்தி போதுமானது. எதிர்க்காற்றையும் நீரோட்டத்தையும் எண்ணி எட்டு அல்லது ஒன்பது வைத்துக்கொள்ளலாம்.

மின்சார மோட்டார் பற்றியும் கேட்கப்படுகிறது. 2017இல் கேரளத்தின் வைக்கத்தில் சூரிய ஒளியால் ஓடும் பயணிகள் படகு சேவைக்கு வந்தது. திருப்பதியை அடுத்த கல்யாணி அணை போன்ற குடிநீர் நிலைகளில், அனுமதி கிடைக்குமாயின், எண்ணெய் சிந்தாத இதுவே பொருத்தம். விரிந்த ஏரியில், காற்றை எதிர்த்துத் திரும்பும் வழியில், மின்கலம் தீர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு விடை வைத்துக்கொண்டே இதை வாங்க வேண்டும். ஆந்திரப் பகுதி பறவைகள் சரணாலயமாதலால், எந்த எஞ்சினாயினும் வனத்துறையின் அனுமதியை முதலில் பெறுதல் அவசியம். தென்பகுதியிலோ மீனவர் முறைவைத்து வலையிடும் பாட்டு இடங்கள் உண்டு, அவற்றில் குறுக்கிடலாகாது.

இரண்டாவது எஞ்சின் வைத்துக்கொள்வோர் அதற்குத் தனித் தொட்டியும் வைக்க வேண்டும். ஒரே தொட்டியில் நீர் கலந்தால் இரண்டும் ஒருங்கே நிற்கும். வாங்குமுன், உதிரி உறுப்புகளும் பழுது பார்ப்பவரும் சூலூர்ப்பேட்டையிலோ பழவேற்காட்டிலோ கிடைக்கிறார்களா என்று விசாரிப்பது நல்லது. படகை நிறுத்தி வைக்கும் மாதங்களிலும் பதினைந்து நாட்களுக்கொருமுறை எஞ்சினை ஓட்ட வேண்டும். பின்பலகை எஞ்சினாயின் நன்னீர் நிறைந்த தொட்டியில் அதை இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டினால், குளிர்நீர்ப் பாதையில் படிந்த உப்பும் கழுவப்பட்டுவிடும்.