உரமும் கல்வியும்



இரசாயனத் தொழில் என்றவுடன் உயர்ந்த புகைபோக்கியும் மூக்கைத் துளைக்கும் நெடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கொங்கு நாட்டில் அத்தொழிலின் ஒரு கிளை, காப்பி வாணிகத்திலிருந்து தழைத்தது. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1841-இல் இங்கிலாந்தில் பிறந்த இராபர்ட் ஸ்டேன்ஸ், 1858-இல் இளைஞராக இந்தியாவுக்கு வந்தார். 1861-இல் கோயம்புத்தூரில் காப்பி பதனிடும் தொழிலைத் தொடங்கினார். காப்பி விளைவதோ நீலகிரியில். பதனிடும் ஆலை சமவெளியில் இருப்பானேன்? பழத்தின் சதை நீக்கிய கொட்டை, மேல்தோலுடன் மலையிலிருந்து இறங்கும். மலையின் பனியிலும் மழையிலும் அது செவ்வையாக உலராது. கோவையின் வெயிலும் வறண்ட காற்றுமே அதற்கு ஏற்றவை.

மூட்டை மூட்டையாகக் காப்பி வெளியே செல்லும்பொழுது, மண்ணின் சத்தும் உடன் செல்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதியை மலைச்சரிவில் பெய்யும் மழை கரைத்துக்கொண்டு போகிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடாவிடில் நிலம் மலடாகும். இலை செழிக்கத் தழைச்சத்தும், வேரும் பூவும் பெருக மணிச்சத்தும், செடி நோய் தாங்கி நிற்கச் சாம்பல்சத்தும் வேண்டும். தோட்டக்காரர்களோடு வாணிகம் செய்த டி. ஸ்டேன்ஸ் கம்பெனி, காலப்போக்கில் உரத்தொழிலிலும் இறங்கியது. பின்னாளில் வேம்பிலிருந்து பூச்சி மருந்தும் செய்தது. வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள், புழுவை இலை தின்ன விடாமல் தடுக்கிறது. தோலுரித்து வளரவும் விடுவதில்லை.

வாணிகம் தொடங்கிய மறு ஆண்டே, 1862-இல், ஸ்டேன்ஸ் கோவையில் ஒரு பள்ளியை நிறுவினார். தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கென எழுந்த அப்பள்ளியில் இன்று எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். 1888-இல் அவர் முன்னின்று தொடங்கிய நூற்பாலையை ஊரார் ‘ஸ்டேன்ஸ் மில்’ என்றே அழைத்தனர். 1936-இல் அவர் மறைந்தார். பள்ளி நிலைத்து நிற்கிறது.

உரம் நன்மையே செய்யும் என்று எண்ணிவிடலாகாது. செடி உண்ணாத தழைச்சத்து, நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் கலக்கும். கிணற்றை நம்பி வாழும் கொங்கு நாட்டில் இது சிறு செய்தியன்று. குடிக்கும் நீரும் பாய்ச்சும் நீரும் ஒரே ஊற்றிலிருந்தன்றோ வருகின்றன? ஆகவே மண்ணைச் சோதித்து, அளவறிந்து இடுதல் வேண்டும். அதற்கு வழிகாட்டும் நிலையமும் கோவையிலேயே உள்ளது. 1868-இல் சைதாப்பேட்டையில் தோன்றிய வேளாண் பள்ளி, 1906-இல் கோவைக்குப் பெயர்ந்து, கல்லூரியாக வளர்ந்து, 1971-இல் பல்கலைக்கழகம் ஆயிற்று.

உங்களுள் சிலர் நாளை இரசாயனம் கற்று ஆலை நடத்தக் கூடும். எவ்வளவு விற்றோம் என்னும் கணக்கோடு, மண்ணுக்கும் நீருக்கும் ஊருக்கும் என்ன திருப்பித் தந்தோம் என்னும் கணக்கையும் எழுதி வாருங்கள். இரண்டாவது கணக்கில் குறை நேர்ந்தால், முதற்கணக்கில் வரும் இலாபம் நிலைக்காது என்பதே என் துணிபு.