அவுட் ஆகாதவரின் கணக்கு: பேஸ்பாலில் தளமடைவு விகிதம்

பேஸ்பால் ஆட்டத்தில் ஓர் அணி இத்தனை பந்துகளைத்தான் சந்திக்கலாம் என்ற வரம்பு கிடையாது. இன்னிங்ஸுக்கு மூன்று வீதம் ஒன்பது இன்னிங்ஸ்களுக்கு 27 அவுட்கள் என்பதே அதன் கையில் உள்ள முதல். அந்த முதல் தீரும்வரை எத்தனை ஓட்டங்களை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், ஒரு மட்டையாளர் அவுட் ஆகாமல் எத்தனை முறை தளத்தை அடைகிறார் என்பதே அவரது மதிப்பை அறிவதற்கான முதற் கேள்வியாகிறது. அதற்கு விடை தரும் எண்தான் ‘ஆன்-பேஸ் பெர்சன்டேஜ்’ எனப்படும் தளமடைவு விகிதம்.

மட்டையாளர் முதல் தளத்தைத் தம் கணக்கில் அடைவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. பந்தை அடித்து, எதிரணியினர் தடுப்பதற்குள் தளத்தைத் தொடுவது ‘ஹிட்’. பந்தெறிபவரான பிட்சர், உரிய எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை எறிந்து, மட்டையாளர் அவற்றுக்கு மட்டையை வீசாமல் விட்டுவிட்டால், அவர் நடந்தே முதல் தளத்துக்குச் செல்லலாம், இது ‘வாக்’. எறியப்பட்ட பந்து உடலில் பட்டாலும் அதே உரிமை உண்டு. ஆனால் நெடுங்காலம் மட்டையாளரின் தர அளவுகோலாக இருந்த பேட்டிங் சராசரி, ஹிட்களை ‘அட்-பேட்’ எனப்படும் அதிகாரபூர்வ அடிக்கும் வாய்ப்புகளால் வகுத்துப் பெறுவது என்பதால், மற்ற இரு வழிகளும் அதில் இடம்பெறுவதே இல்லை.

இந்தப் புறக்கணிப்பின் வேர் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. ஆட்டத்தின் விவரங்களை ஓர் அட்டவணைக்குள் அடக்கும் ‘பாக்ஸ் ஸ்கோர்’ முறையை வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தியாளராக இருந்து பேஸ்பாலுக்கு வந்தவர். வாக் என்பது பிட்சரின் பிழையே தவிர மட்டையாளரின் சாதனை அன்று என்பது அவர் கருத்து. வைட் பந்தின் ஓட்டத்தை மட்டையாளர் பெயரில் எழுதாமல் உதிரியில் சேர்க்கும் கிரிக்கெட் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது நியாயமாகவே தோன்றும். 1887ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் வாக்குகளும் ஹிட்களாக எண்ணப்பட்டன. அடுத்த ஆண்டே அந்த விதி கைவிடப்பட்டது. ஆயினும், அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் வந்து சேரும் பந்தை அடிப்பதா விடுவதா என்று முடிவெடுப்பது தற்செயல் அன்று; ஆண்டுதோறும் மிகுதியான வாக்குகளைப் பெறும் ஆட்டக்காரர்கள் இருப்பதே அது ஒரு திறமை என்பதற்குச் சான்று.

தளமடைவு விகிதத்தைக் கணக்கிட, ஹிட், வாக், உடலில் பந்து பட்டமை ஆகிய மூன்றையும் கூட்டி, அத்தொகையை அட்-பேட், வாக், உடலில் பந்து பட்டமை, ‘சாக்ரிஃபைஸ் ஃபிளை’ ஆகிய நான்கின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இறுதியில் சொல்லப்பட்ட சாக்ரிஃபைஸ் ஃபிளை என்பது, உயரே அடித்த பந்து பிடிக்கப்பட்டு மட்டையாளர் அவுட் ஆனாலும், அதன்பின் தளத்தில் இருந்த சக ஆட்டக்காரர் ஓடி ஓட்டம் எடுத்துவிடும் நிகழ்வாகும். விடை மூன்று தசம இடங்களில் எழுதப்படும். தொழில்முறைப் பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீகில் இவ்விகிதத்தின் சராசரி பெரும்பாலும் .310 முதல் .330 வரை இருக்க, .400ஐத் தாண்டுவோர் மிகச் சிறந்தவர்களாக மதிக்கப்படுகின்றனர்.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் 1941இல் 456 அட்-பேட்களில் 185 ஹிட்கள் அடித்ததால் அவரது பேட்டிங் சராசரி .406 ஆயிற்று. அவற்றுடன் அவர் பெற்ற 147 வாக்குகளையும், பந்து உடலில் பட்ட 3 நிகழ்வுகளையும் சேர்த்தால், 606 வாய்ப்புகளில் 335 முறை தளமடைந்தது தெரியவரும். சாக்ரிஃபைஸ் ஃபிளை அப்போது தனியாகக் கணக்கிடப்படாததால் வகுத்தியில் அதற்கு இடமில்லை. 335ஐ 606ஆல் வகுக்கக் கிடைப்பது .553. அதே ஆண்டில் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்து, அமெரிக்கன் லீகின் மிகுமதிப்புடைய ஆட்டக்காரர் விருதைப் பெற்ற நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோவின் சராசரி .357, தளமடைவு விகிதம் .440. சராசரியில் .049 மட்டுமே இருந்த இடைவெளி இங்கே .113 ஆக விரிகிறது. அதாவது, டிமாஜியோவின் விகிதத்தில் ஆடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட ஏறத்தாழ 68 முறை அதிகமாக வில்லியம்ஸ் தளத்தில் நின்றார்.

கணக்கில் சில நுணுக்கங்களும் உண்டு. எதிரணியின் பிழையால் தளமடைந்தால் அது மட்டையாளரின் தளமடைவாகக் கொள்ளப்படாமல், தோல்வியடைந்த அட்-பேட்டாகவே பதிவாகிறது. சக ஆட்டக்காரரை முன்னேற்றுவதற்காகப் பந்தை மெல்லத் தட்டி அவுட் ஆகும் ‘சாக்ரிஃபைஸ் பன்ட்’ வகுத்தியில் சேர்வதில்லை. ஆனால் சாக்ரிஃபைஸ் ஃபிளை சேர்கிறது. இதனால், இரண்டு அட்-பேட்களில் ஒரு ஹிட்டும், தனியே ஒரு சாக்ரிஃபைஸ் ஃபிளையும் மட்டுமே உடைய ஒருவரின் சராசரி .500 ஆக இருக்க, தளமடைவு விகிதம் .333 ஆகக் குறையும் விந்தையும் நிகழலாம்.

இந்த அளவுகோலின் மதிப்பை முதலில் உணர்த்தியவர்கள் அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கியும், புரூக்ளின் டாட்ஜர்ஸில் அவர் பணியமர்த்திய புள்ளியியலாளர் ஆலன் ராத்தும் ஆவர். 1954இல் ‘லைஃப்’ இதழில் ரிக்கி எழுதிய கட்டுரை அதைப் பொதுமக்கள் முன் வைத்தது. எனினும் 1984இல்தான் அது மேஜர் லீகின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரமாயிற்று. அதன் பிறகும் ஆட்டக்காரர்களின் சந்தை அதை உரிய விலைக்கு மதிக்கவில்லை என்பதைக் கண்டுகொண்ட ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் நிர்வாகி பில்லி பீன், பிறரால் கழிக்கப்பட்ட ஸ்காட் ஹாட்டிபெர்க் போன்றோரைக் குறைந்த செலவில் சேர்த்தார். 2002இல் அந்த அணி தொடர்ச்சியான 20 வெற்றிகள் உட்பட 103 வெற்றிகளைப் பெற்றது. அதை விவரித்த மைக்கேல் லூயிஸின் ‘மணிபால்’ நூல் 2003இல் வெளியானபின் அந்த மலிவு நீடிக்கவில்லை.

குறையும் இல்லாமல் இல்லை. ஒரே அடியில் எல்லாத் தளங்களையும் சுற்றிவந்து ஓட்டம் எடுக்கும் ‘ஹோம் ரன்’னையும் வாக்கையும் இவ்விகிதம் சமமாகவே எண்ணுகிறது. ஆகவே அடியின் வலிமையைக் காட்டும் ‘ஸ்லக்கிங்’ எண்ணுடன் சேர்த்தே இதை வாசிப்பது வழக்கம். 2004இல் பாரி பாண்ட்ஸ் எட்டிய .609க்குப் பின்னால் இருந்த 232 வாக்குகளில் 120, அவருக்கு அஞ்சிய எதிரணிகள் வேண்டுமென்றே அளித்தவை.

ஆயினும் சிறு வேறுபாடும் எவ்வளவு பெரிது என்பதை எளிய பெருக்கல் காட்டும். 600 வாய்ப்புகள் பெறும் ஒருவரின் விகிதம் .330இலிருந்து .360 ஆக உயர்ந்தால் 18 அவுட்கள் மிச்சமாகும். ஒன்பது மட்டையாளர்களும் அவ்வாறே முன்னேறினால் மிச்சம் 162 ஆகும். ஆட்டத்துக்கு 27 என்ற கணக்கில், அது ஆறு முழு ஆட்டங்களுக்கான முதல்.