அசித்தம்

தோழர்களே, மலையில் நெருப்பு உண்டு என்பது முடிவு. புகை தெரிகிறதே என்பது அதற்கான ஏது. தெரிவது புகையா, பனியா என்பதே உறுதியாகவில்லை என்றால்? நிறுவப்படாத அந்த ஏதுவை, பௌத்த அளவையியலை விளக்கும் மணிமேகலையின் 29ஆம் காதை 'அசித்தம்' என்கிறது.

1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மகத் நகரின் சவுதார் குளத்தில் நம் மக்கள் நீர் அள்ளிக் குடித்தார்கள். சாதி இந்துக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 'தீண்டப்படாதார் குளத்தைத் தொடக்கூடாது' என்பது அவர்கள் முடிவு. 'நினைவுக்கெட்டாத காலத்து வழக்கம்' என்பது அவர்கள் ஏது. அவ்வழக்கம் அத்தனை தொன்மையானதென்று நிறுவப்படவில்லை என்று 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளியது. அசித்தம் என்பது இதுதான்.

'காலங்காலமாக இப்படித்தான்' என்பவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது: எந்தக் காலமாக? சான்று எங்கே? நிறுவும் பொறுப்பு தடுப்பவருடையது. தண்ணீர் கேட்பவருடையது அல்ல.