மடிப்பில் விட்டுப்போன கூறைச்சேலை

பரமத்தி வேலூர் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். மகள் கல்யாணம் வருகிறதே என்று தன் கூறைச்சேலையை எடுத்துப் பிரித்தாராம். முப்பது வருஷமாக பீரோவில் இருந்த காஞ்சிபுரம் பட்டு, மடிப்புக்கு மடிப்பு விட்டுப்போயிருக்கிறது. "கரை சேரும் இடம் மட்டும் கொஞ்சமும் பிரியவில்லை, அது எப்படி?" என்று கேட்கிறார்.

 

அது கோர்வைக் கரை. சாதாரணச் சேலையில் ஊடை நூல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே ஓட்டமாக ஓடும். கோர்வையில் ஊடையை ஓட்டும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. நெசவாளர் ஒருவரால் ஆகாது. ஒரு கரையின் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் துணைக்கு ஆள் வேண்டும். உடலின் அரக்கு ஊடை கரையைத் தொட்டதும் கரையின் பச்சை ஊடையைக் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு திரும்புகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இப்படித்தான். சிறுவயதில் ஆள்காட்டி விரல்களை மாட்டி இழுத்து விளையாடுவோமே, அந்தப் பிடி. அதனால்தான் உங்கள் கரை பிரியவில்லை.

கடையில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கரையைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். உடலின் நிறம் கரைக்குள்ளும் கலந்து ஓடினால் அது கோர்வை இல்லை. கரை போட்ட பட்டுச்சேலையைக் கைத்தறிக்கென்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. அப்படியிருந்தும் விசைத்தறிச் சேலையைக் கோர்வை என்று சொல்லி விற்பது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேர் நாள்கணக்கில் உட்கார்ந்து நெய்ததற்கு உண்டான கூலியை அந்தப் பொய் தின்றுவிடுகிறது.

உடல் ஏன் விட்டது? ஒரே இடத்தில் வருஷக்கணக்காக மடிந்த இழை அங்கேயே முறிகிறது. கல்யாணத்தன்று பட்ட வியர்வையை ஆற்றாமல் மடித்திருந்தால் இழை இன்னும் நலிந்துபோகும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை வெளியே விடாது. ஜரிகையின் வெள்ளியும் கறுக்கும். வெற்றிலை விளைகிற பரமத்தி வேலூர்க்காரருக்கு அதை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும்: கட்டிய கட்டைப் பிரித்து, திருப்பி அடுக்காவிட்டால் எந்த வெற்றிலை நிற்கிறது?

என் அம்மா ஆடிப் பதினெட்டு முடிந்த வாரம் தன் கூறைச்சேலையை நிழலில் கயிற்றுக் கட்டிலின்மேல் வேட்டி விரித்துப் போடுவார். அந்திக்குள் எடுத்து, பழைய மடிப்பு விழுந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, நாலு விரற்கடை தள்ளிப் புது மடிப்பு மடிப்பார். பிறகு அதே வேட்டியில் சுற்றி வைப்பார். போன தைக்கு என் தங்கை மகள் அதைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தாள்.